யூஎம்டி வட்டும் அதன் மறுவடிவங்களும்

கையில் அடங்கும் விளையாட்டுக் கருவிகளின் சரித்திரத்தைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு விசித்திரம் புலப்படும். நின்டெண்டோவின் கேம்பாய் தொடங்கி அந்த வரிசையில் வந்தவை ஏறக்குறைய எல்லாமே சில்லு பொதிந்த கார்ட்ரிட்ஜையே நம்பியிருக்க, 2004 டிசம்பர் 12ஆம் தேதி ஜப்பானில் வெளிவந்த சோனியின் பிளேஸ்டேஷன் போர்ட்டபிள், அதாவது நம் பிள்ளைகள் பிஎஸ்பி என்று சொல்லும் கருவி, 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் ஒளிவட்டைப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்து, அதைத் தன் முதுகில் ஏற்றிச் சுழற்றியது. யூஎம்டி எனப்பட்ட அந்த வட்டு இரண்டு அடுக்குகளில் 1.8 ஜிபி வரை கொள்ளும். ஏறத்தாழ 8 கோடிக் கருவிகள் விற்ற பிறகும் அந்த வட்டை வேறு எவரும் எடுத்தாளவில்லை. கணினியில் வைத்து அதைப் படிக்க ஒரு டிரைவ் கடைக்கு வந்ததில்லை. எழுதத் தக்க வெற்று வட்டும் பொதுஜனங்களுக்கு விற்கப்பட்டதில்லை. 2009இல் வந்த பிஎஸ்பி கோ வட்டையே கைவிட்டது. 2011இல் வந்த வீட்டா சிறு அட்டைக்கு மாறிக்கொண்டது. பெற்ற தாயே கைகழுவிய பிள்ளையாய்ப் போன அந்த வட்டின் விளையாட்டுகள் இன்று புழங்குவதெல்லாம் பெரும்பாலும் கோப்புகளாகவே. அந்தக் கோப்புகளை எவ்வடிவில் வைத்துக்கொள்வது, ஒரு வடிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகையில் கிடைப்பது என்ன, கைவிட்டுப் போவது என்ன என்பதே இங்கே நாம் எடுத்துக்கொள்ளும் விஷயம்.

இந்த விசாரணையை வடசென்னையின் மணலி புதுநகரில் இருந்துகொண்டு செய்வதில் ஒரு பொருத்தம் உண்டு. 1969இல் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்கென்று ஏற்பட்ட பர்மா பஜாரும், அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவும், வெளிநாட்டுச் சாதனங்களை வடசென்னைக்கு அறிமுகப்படுத்திய இரு வாசல்கள். பழைய பிஎஸ்பிகளும் அந்த வாசல்களின் வழியாகத்தான் இப்பக்கத்துத் தொழிலாளர் வீடுகளுக்குள் நுழைந்தன. அசல் யூஎம்டியை விலை கொடுத்து வாங்கியவர்கள் சொற்பம். மெமரி கார்டில் பாட்டும் படமும் ஏற்றித் தருகிற கடைகளே விளையாட்டையும் ஏற்றித் தந்தன. இன்றைக்கோ அந்தக் கருவியும் தேவையில்லை. திருவொற்றியூர் – பொன்னேரி – பஞ்செட்டி சாலையில், துறைமுகத்துக்குள் போக முறை வரட்டும் என்று கண்டெய்னர் ட்ரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கிற நேரங்களில், ஓட்டுநர் உறங்க, கிளீனர்ப் பையன் தன் கைப்பேசியைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு இரண்டு கட்டைவிரல்களாலும் டெக்கன் என்ற சண்டை விளையாட்டை ஆடிக்கொண்டிருப்பதை யாரும் காணலாம். ஸ்வீடன் தேசத்து ஹென்ரிக் ரிட்கோர்ட் 2012 நவம்பரில் வெளியிட்ட பிபிஎஸ்எஸ்பிபி என்ற இலவச நிரல், அன்றைய பிஎஸ்பியை இன்றைய கைப்பேசிக்குள் நடிக்க வைத்துவிட்டது; 2024இல் ஆப்பிள் நிறுவனமும் தன் கடைக்குள் அதை அனுமதித்தது. கருவி போனாலும் கோப்பு நின்றது. கோப்பு நின்றதால், அதைப் பற்றிய கேள்வியும் நின்றது. அந்தக் கேள்வி எங்கள் பக்கத்தில் எப்போதும் ஒரே விதமாகத்தான் கேட்கப்படுகிறது: "இத எப்டி அண்ணா கம்மி எம்பி ஆக்குறது?" கேள்வி தவறல்ல, ஆனால் அது முதற்கேள்வியாக இருக்கக்கூடாது என்பது என் அபிப்பிராயம். மாற்றிய கோப்பிலிருந்து மூலக் கோப்பை ஓர் எழுத்தும் பிசகாமல் திரும்பப் பெற முடியுமா என்பதே முதலில் கேட்க வேண்டியது. இந்த ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வடிவத்தையும் அணுகினால், சந்தையில் நிலவும் குழப்பத்தில் பாதி தானே விலகிவிடும்.

மூல வடிவம் ஐஎஸ்ஓ. வட்டில் உள்ள தரவை முதற்கூற்றிலிருந்து கடைசிக்கூறு வரை வரிசை மாறாமல் அப்படியே கோப்பாக வார்த்ததுதான் அது. 1988இல் நிலைபெற்ற ஐஎஸ்ஓ 9660 என்னும் சர்வதேசக் கோப்பு ஒழுங்கை ஒட்டி அதற்கு இப்பெயர். இதில் ஒவ்வொரு கூறும், செக்டர் என்று வழங்குவது, 2048 பைட். யூஎம்டியைக் கணினி நேரடியாகப் படிக்காதாகையால், வட்டைப் பிஎஸ்பிக்குள்ளேயே வைத்து, மாற்று இயங்குநிரல் ஏற்றிய அந்தக் கருவியை யூஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்து, அமைப்புப் பட்டியலில் யூஎஸ்பி சாதனமாக மெமரி ஸ்டிக்குக்குப் பதில் யூஎம்டியைத் தேர்ந்தெடுத்தால், வட்டு முழுவதும் கணினித் திரையில் ஒற்றை ஐஎஸ்ஓ கோப்பாகத் தோன்றும். அதை நகலெடுத்துக்கொள்வதோடு வேலை முடிந்தது. சொந்த வட்டிலிருந்து இவ்வாறு எடுத்த கோப்புக்கு மேல் சுத்தமான மூலம் வேறில்லை.

இங்கே ஒரு பிரமையைக் களைந்துவிட்டு மேலே செல்வது நல்லது. கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் மூன்றெழுத்து வாலை மாற்றினால் வடிவமும் மாறிவிடும் என்ற நம்பிக்கை மிகப் பரவலானது. பதிவிறக்கிய ஜிப் கோப்பு விளையாடவில்லையென்றால் உடனே அதன் வாலை வெட்டிவிட்டு ஐஎஸ்ஓ என்று எழுதிப் பார்ப்பார்கள். வாலை மாற்றுவதால் உள்ளிருப்பது மாறிவிடாது. ஹெக்ஸ் எடிட்டர் எனப்படும் நிரலில் எந்தக் கோப்பையும் திறந்து அதன் தலைப்பகுதியைப் பார்த்தால், அது தன் ஜாதகத்தைத் தானே சொல்லிவிடும். ஜிப் கோப்பு, அதை உண்டாக்கிய ஃபில் காட்ஸின் பெயர் முதலெழுத்துகளான பி, கே என்ற இரண்டுடன் தொடங்கும். சிஎஸ்ஓ கோப்பின் முதல் நான்கு பைட்டுகள் சி, ஐ, எஸ், ஓ. ஐஎஸ்ஓ கோப்பு மட்டும் சற்றுக் கூச்ச சுபாவமுடையது. முதற் 16 கூறுகளை, அதாவது 32,768 பைட்டுகளை, அமைப்புக்கென்று ஒதுக்கிவிட்டு, அதற்கடுத்த இரண்டாவது பைட்டிலிருந்துதான் சிடி001 என்ற அடையாளத்தைக் காட்டும். ஜிப், ரார், 7ஜிப் மூன்றும் வெளிக்கூடுகள். அவற்றைப் பிரித்து உள்ளிருப்பதை எடுத்த பின்னரே பிபிஎஸ்எஸ்பிபிக்கு அது முறையாகப் பயன்படும் என்று கொள்வது உத்தமம்.

இனி, கோப்பைச் சுருக்கும் ஆசை எங்கே பிறந்தது என்று பார்ப்போம். 2005இல் அமெரிக்காவில் பிஎஸ்பி விற்பனைக்கு வந்தபோது பெட்டியோடு தந்த மெமரி ஸ்டிக்கின் கொள்ளளவு 32 மெகாபைட். ஒரு வட்டின் கொள்ளளவோ 1.8 ஜிபி. பெரிய மெமரி ஸ்டிக்கின் விலை அந்நாளில் சாமானியனுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. தேவை இவ்வளவு கூர்மையாக இருக்கையில் தீர்வு பிறக்காமல் போகாது. டார்க் அலெக்ஸ் என்ற புனைபெயரால் அறியப்பட்ட ஸ்பானிய நிரலாளர் டாக்ஸ் என்னும் வடிவத்தையும், பூஸ்டர் என்ற புனைபெயரினர் சிஐஎஸ்ஓ என்னும் வடிவத்தையும் தந்தனர். பின்னது சிஎஸ்ஓ என்று பெயர் சுருங்கி, மற்றவற்றை ஓரங்கட்டி நிலைத்துவிட்டது.

அதன் உள்ளமைப்பு எளிமையானது. எளிமையிலும் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. முழு ஐஎஸ்ஓவையும் ஒரே மூச்சில் சுருக்கினால் அளவு நன்றாகக் குறையுமாயினும், விளையாட்டு நடுவில் உள்ள ஒரு கூறைக் கேட்கும்போது தொடக்கத்திலிருந்து விரித்துக்கொண்டு வந்தாக வேண்டும். சுருட்டி வைத்த பாயின் நடுப்பகுதியைப் பார்க்க விரும்புகிறவன் முனையிலிருந்து விரிக்க வேண்டியிருப்பது போல. சிஎஸ்ஓ அவ்வாறு செய்வதில்லை. 2048 பைட் கொண்ட ஒவ்வொரு கூறையும் தனித்தனியே சுருக்கி, எந்தக் கூறு கோப்பின் எவ்விடத்தில் கிடக்கிறது என்ற அட்டவணையைத் தலையில் வைத்துக்கொள்கிறது. 24 பைட் முகப்பு, அதையடுத்து கூறு ஒன்றுக்கு 4 பைட் வீதம் அட்டவணை, அதன்பின் சுருக்கிய தரவு. அட்டவணையின் ஒவ்வொரு எண்ணிலும் தலைமை பிட் ஒன்று கொடியாக நிற்கிறது: சுருக்கியும் பிரயோஜனமில்லாத கூறானால் அதைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கிறோம் என்று அது அறிவிக்கும். 1.8 ஜிபி வட்டில் ஏறத்தாழ 8,79,000 கூறுகள். ஆகவே அட்டவணை மட்டுமே 35 லட்சம் பைட் ஆகிவிடும். மொத்தம் 32 மெகாபைட் நினைவகமே உடைய முதல் பிஎஸ்பிக்கு அது சின்னச் சுமையல்ல.

கூறுகளைச் சுருக்கும் டிஃப்ளேட் முறையும் புதிதன்று. லெம்பெல், ஸிவ் என்ற இருவர் 1977இல் வகுத்த வழியையும், ஹஃப்மன் 1952இல் கண்ட குறியீட்டையும் இணைத்து மேற்சொன்ன ஃபில் காட்ஸ் அமைத்தது அது. 1996இல் அதற்குப் பொது வரையறையும் வெளியாயிற்று. ஒரு முறை வந்த எழுத்துத் தொடர் மறுபடி வரும்போது அதை முழுவதும் எழுதாமல், இத்தனை தூரம் பின்னால் இத்தனை நீளம் என்று சுட்டிவிட்டுப் போவதே அதன் சாரம். இதில் எதுவும் அழிவதில்லை. ஆகையால் சிஎஸ்ஓவிலிருந்து ஐஎஸ்ஓவை, ஒரு பிட்டும் மாறாமல், எப்பொழுது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்.

எவ்வளவு சுருங்கும் என்று கேட்டால், எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரே விடை கிடையாது. வட்டில் என்ன இருக்கிறதென்பதைப் பொறுத்தது. சில விளையாட்டுகளை வெளியிட்டவர்கள் வட்டில் வெற்றுக் கோப்புகளை இட்டு இடத்தை நிரப்பியிருந்தார்கள். பூஜ்யங்களால் ஆன அப்பகுதிகள் சுருக்கத்தில் காற்றாய்ப் போய்விடும். மாறாக, கதைக்காட்சிகளின் வீடியோவும், சோனியின் ஏட்ராக்3 முறையில் ஏற்கெனவே சுருங்கிய இசையும் நிறைந்த வட்டு, எத்தனை அழுத்தினாலும் அசைந்து கொடுக்காது. அதனால்தான் ஒரு விளையாட்டு பாதியாகச் சுருங்க, இன்னொன்று பெயருக்குச் சில மெகாபைட் குறைந்ததோடு நின்றுவிடுகிறது. சிஎஸ்ஓவாக்கிய கோப்பை மீண்டும் ஜிப்பில் கட்டுகிறவர்கள் பிழிந்த கரும்பையே மறுபடி ஆலையில் விடுகிறார்கள்.

சுருக்க நிலை 1 முதல் 9 வரை உண்டு. 9 வைத்தால் ஆட்டம் தடுமாறும், ஆகையால் 5க்கு மேல் போகாதே என்று மெமரி கார்டுக் கடைகளில் உபதேசம் கேட்டிருக்கிறேன். இந்த உபதேசத்துக்கு ஆதாரம் பலவீனம். அதிக நிலையில் சுருக்குவதற்குத்தான் கணினி அதிக நேரம் எடுக்கும். விரிப்பதற்கு எடுக்கும் நேரம் எந்த நிலையிலும் ஏறக்குறைய ஒன்றே. தடுமாற்றம் மெய்தான், ஆனால் அதன் காரணம் வேறு. உச்ச வேகமே 333 மெகாஹெர்ட்ஸான பழைய பிஎஸ்பியில், விளையாட்டை நடத்துகிற அதே செயலி கூறுகளை விரிக்கும் வேலையையும் சுமக்க வேண்டியிருந்தது. வீடியோ ஓடுகிற இடங்களில் அது மூச்சுத் திணறியது. அந்தக் கருவியிலேயே இன்னும் ஆடுகிறவர், இரண்டு மைக்ரோ எஸ்டி அட்டைகளைச் செருகும் மலிவான அடாப்டர்கள் கிடைக்கிற இந்நாளில், ஐஎஸ்ஓவை விட்டு நகர வேண்டிய நிர்ப்பந்தமே இல்லை. கைப்பேசியில் ஆடுகிறவருக்கோ விரிக்கும் சுமை ஒரு பொருட்டே அல்ல. பிபிஎஸ்எஸ்பிபியின் நிரலாளர்களுள் ஒருவர் எழுதிய மேக்ஸ்சிஎஸ்ஓ என்னும் நிரல், ஒவ்வொரு கூறுக்கும் பல சுருக்க வழிகளைப் பரீட்சித்து அவற்றுள் சிறியதை எடுத்துக்கொள்வதால், பழைய மாற்றிகளைவிடச் சற்றே சிறிய கோப்பைத் தரும். டிஃப்ளேட்டுக்குப் பதில் எல்இஸட்4 முறையைக் கையாளும் இஸட்எஸ்ஓ என்ற உறவினர் வடிவமும் உண்டு: விரிப்பது வேகம், கோப்பு சற்றுப் பெரிது. பழைய கருவியை வைத்துக்கொண்டு இடமும் மிச்சம் பிடிக்க நினைப்பவருக்கு அது ஒரு சமாதானம். மற்றவர்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

இதுவரை சொன்னவை திரும்பி வரக்கூடிய மாற்றங்கள். திரும்பி வராத ஒன்று இவற்றோடு ஒரே பெயரில் உலாவுவதுதான் பெரிய அனர்த்தம். எங்கள் பகுதிக் கடையொன்றில் நடந்த பேச்சை இங்கே அப்படியே வைக்கிறேன். பையன் ஒருவன் கைப்பேசியை நீட்டி, "அண்ணா, முந்நூறு எம்பிதான்னு போட்டிருந்தானுங்க, ஏத்திப் பாத்தா நடுவுல கதை சீனே வரல, சும்மா கருப்பா போவுது" என்றான். கடைக்காரர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "அது கம்ப்ரஸ் பண்ணது இல்ல தம்பி, ரிப் பண்ணது. சீன வெட்டி எடுத்துட்டானுங்க. உள்ள இருந்தாத்தானே வரும்?" என்று சொல்லிவிட்டு அடுத்தவர் சிம் கார்டைக் கவனிக்கத் திரும்பிவிட்டார். அந்த ஒரு வரியில் இவ்விஷயத்தின் இருதயம் அடங்கியிருக்கிறது. "ஹைலி கம்ப்ரஸ்டு" என்ற விளம்பரத்தோடு சுற்றும் கோப்புகளில் பலவும், வீடியோவை நீக்கி, வேற்றுமொழிக் குரல்களைக் கழித்து, இசையைத் தரம் தாழ்த்தி, அதன்பிறகு சுருக்கியவை. அவற்றை ஐஎஸ்ஓவாக விரித்தாலும் கிடைப்பது அங்கஹீனமான ஐஎஸ்ஓவே.

இவ்வாறு வெட்டுவதிலும் ஒரு சூட்சுமமான ஆபத்து உண்டு. பிஎஸ்பி விளையாட்டுகளில் சில, தமக்கு வேண்டிய கோப்பைப் பெயர் சொல்லிக் கேட்காமல், வட்டில் இத்தனையாவது கூறிலிருந்து இத்தனை எடு என்று எண் சொல்லிக் கேட்கும். ஒரு வெற்றுக் கோப்பை நீக்கி ஐஎஸ்ஓவை மறுபடி கட்டினால், அதற்குப் பின்னால் உள்ள கோப்புகள் எல்லாம் முன்னால் நகர்ந்துவிடும். விளையாட்டோ பழைய எண்ணிலேயே போய்த் தட்டி, அங்கே வேறெதையோ கண்டு திகைத்து நின்றுவிடும். யூஎம்டிஜென் என்ற பழைய நிரலில் கோப்புகளின் இடவரிசையைத் தனியே ஏற்றுமதி செய்து, மீண்டும் கட்டும்போது அதே இடங்களில் பொருத்தும் வசதி இருந்தது இதற்காகத்தான். அப்படிப் பொருத்தத் தெரிந்தவர்கள் வெட்டவும் தெரிந்தவர்கள். மற்றவர்கள் வெட்டியது பாதி ஆட்டத்தில் உறைந்து நிற்கும், காரணமும் விளங்காது. வெற்றிடத்தை நீக்காமல் சிஎஸ்ஓவாக்கினாலே அந்தப் பூஜ்யங்கள் கிட்டத்தட்ட முழுவதும் கரைந்துவிடுமென்றிருக்க, கத்தியை எடுப்பானேன்?

பிஎஸ்பியில் ஆடப்படும் விளையாட்டுகள் அதன் சொந்த வட்டுகளில் வந்தவை மட்டுமல்ல. 2006இன் இறுதியில் சோனி முதல் பிளேஸ்டேஷனின் விளையாட்டுகளைப் பிஎஸ்பியில் நடத்தும் வசதியைத் தந்தது. உடனே ரசிகர்கள் தங்கள் பழைய வட்டுகளையும் அவ்வழியில் செலுத்த ஆரம்பித்தார்கள். இங்கே வடிவம் பிபிபி: ஈபூட் என்ற பெயரில் நிற்கும் ஒரு பொதி. விளையாட்டின் பெயர் விவரம், பட்டியலில் தோன்றும் சின்னம், பின்னணிப் படம், சிற்றிசை, நிரல், தரவு எல்லாம் அதற்குள் வரிசையாக அமர்ந்திருக்கும். மூலமோ குறுந்தகடாகையால் ஐஎஸ்ஓ போதாது. பின், கியூ என்ற இரட்டைக் கோப்புகள் வேண்டும். குறுந்தகட்டின் ஒவ்வொரு கூறும் உண்மையில் 2352 பைட். அதில் 2048 மட்டும் தரவு. மீதி ஒத்திசைவுக்கும் முகவரிக்கும் பிழை திருத்தத்துக்கும் உரியது. ஆனால் பிளேஸ்டேஷன் வட்டுகள் இசையும் வீடியோவும் ஓடுகிற இடங்களில் பிழைதிருத்தத்தைத் துறந்துவிட்டு, கூறு ஒன்றுக்கு 2324 பைட் வரை தரவையே நிரப்பிக்கொள்ளும். அத்தகைய வட்டை 2048 பைட் கூறுகளாக நறுக்கி ஐஎஸ்ஓ ஆக்கினால், விளையாட்டு துவங்கலாம். பாத்திரங்கள் வாயசைக்கும்போது குரல் வராது. ஆகவே குறுந்தகடு மூலமானவற்றுக்கு 2352 பைட்டும் அப்படியே உள்ள பின் கோப்பே மூலம் என்று கொள்ள வேண்டும். கியூ என்பது தடங்களின் எல்லையைச் சொல்லும் சிறிய உரைக்கோப்பு. அதற்குள் பின் கோப்பின் பெயர் எழுதியிருப்பதால், அழகுக்காகப் பின்னின் பெயரை மாற்றுகிறவர் கியூவுக்குள்ளும் அதை மாற்ற மறந்தால் ஒன்றும் திறக்காது.

இந்தியா, ஐரோப்பாவைப் போல, பால் ஒளிபரப்பு முறையைப் பின்பற்றிய தேசம். அந்த வட்டாரத்துக்கென வெளியான பிளேஸ்டேஷன் வட்டுகள் சிலவற்றில் லிப்கிரிப்ட் என்ற பாதுகாப்பு, வட்டின் துணைத்தடங்களில் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. சாதாரணப் பின், கியூ ஜோடி அத்துணைத்தடங்களை ஏந்துவதில்லை. மூலத்தை எடுக்கும்போதே கவனமில்லாமல் போனால், அதன்பின் எத்தனை உயர்ந்த வடிவத்துக்கு மாற்றினாலும் விட்டது விட்டதுதான்.

அண்மைக்காலத்தில் இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு வீடாக எழுந்திருப்பது சிஎச்டி. பழைய ஆர்கேட் இயந்திரங்களைப் பாதுகாக்கும் மேம் என்னும் திட்டத்தில் பிறந்த இவ்வடிவம், தரவுக்கு ஒரு சுருக்க முறையையும், குறுந்தகட்டின் பாட்டுத் தடங்களுக்கு ஃப்ளாக் என்ற இழப்பற்ற முறையையும் தேர்ந்து கையாளும். பின்னும் கியூவும் என்று சிதறிக் கிடந்தவை ஒற்றைக் கோப்பாகிவிடும். 2024 தொடக்கத்தில் வந்த 1.17 பதிப்பு முதல் பிபிஎஸ்எஸ்பிபியும் அதை ஏற்கிறது. ஆனால் மாற்றுகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிஎச்டிமேன் என்ற மாற்றியில் குறுந்தகட்டுக்கு ஒரு கட்டளை, டிவிடிக்கு ஒரு கட்டளை. யூஎம்டியிலிருந்து வந்த ஐஎஸ்ஓவுக்கு டிவிடிக் கட்டளையே உரியது. கூற்றுத் தொகுதியின் அளவையும் 2048 என்று குறிப்பிட்டால், விளையாட்டு சிறுசிறு துண்டுகளாகக் கேட்கும்போது வீணாகப் பெருந்தொகுதிகளை விரிக்க நேராது. பழைய பிஎஸ்பி கருவியில் மட்டும் ஆடுகிறவருக்கு சிஎச்டியால் உபயோகமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அளவைப் பொறுத்தவரை சிஎஸ்ஓவுக்கும் சிஎச்டிக்கும் உள்ள வித்தியாசம் பெரிய விவகாரமன்று. எனக்கு சிஎச்டியில் பிடித்தது வேறு. அதன் முகப்பிலேயே மூலத் தரவின் எஸ்எச்ஏ-1 என்ற முத்திரையெண் பதிந்திருக்கிறது. கோப்பில் ஒரு பிட் மாறினாலும் முழுவதும் வேறாகிவிடும் 40 எழுத்து நீள எண் அது. சரிபார்க்கும் கட்டளையைக் கொடுத்தால், கோப்பு தன்னைத் தானே விரித்துப் பார்த்து, மூலத்தோடு ஒத்திருக்கிறேன் என்றோ இல்லையென்றோ சாட்சி சொல்லிவிடும். சிஎஸ்ஓவின் 24 பைட் முகப்பில் இதற்கு இடமே கிடையாது. ரீடம்ப் என்ற சர்வதேச முயற்சியில் தன்னார்வலர்கள் அசல் வட்டுகளிலிருந்து எடுத்த முத்திரையெண்களைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறார்கள். கையிலுள்ள ஐஎஸ்ஓவின் எண் அதோடு ஒத்தால் கோப்பு பூரணம். ஒவ்வாவிடில் யாரோ எங்கோ கை வைத்திருக்கிறார்கள். வெட்டிய கோப்புக்கும் வெட்டாத கோப்புக்கும் உள்ள பேதத்தைக் கண்ணால் அறிய முடியாத நிலையில், இந்த எண்தான் ஒரே துலாக்கோல்.

மாற்றுகையில் மூலத்தை இழந்துவிடும் இத்தகைய இக்கட்டு தமிழ் வாசகர்களுக்கு அறிமுகமில்லாததன்று. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டித் தாம், தாப் குறியேற்றங்கள் அரசின் நியமமாயின. 2010இல் யூனிகோடு அவ்விடத்தைப் பெற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவற்றிலும் டிஸ்கியிலும் இன்னும் எத்தனையோ தனியார் எழுத்துருக்களிலும் அச்சேறிய பக்கங்களை யூனிகோடுக்கு மாற்றியவர்களுக்குத் தெரியும்: எந்தக் குறியேற்றம் என்று அறிந்திருந்தால் ஒரு நொடியில் மாறிவிடும் பக்கம், அது தெரியாமல் மாற்றப்பட்டு மூலமும் அழிக்கப்பட்டுவிட்டால், ஓரிடத்தில் 'ஸ்ரீ' குலைந்து, இன்னோரிடத்தில் கொம்பும் காலும் பிரிந்து, திருத்த ஆளில்லாமல் கிடக்கும். மாற்றியதோடு மூலத்தையும் வைத்திருந்த அச்சகத்தார் தப்பினார்கள்.

மூலத்தை எங்கே வைப்பது என்பது எங்கள் ஊரில் ஏட்டுச் சுரைக்காய் விஷயமல்ல. பூண்டி நீர்த்தேக்கம் நிரம்பி உபரி நீர் திறக்கப்படுகையில் கொசஸ்தலை ஆறு கரை மீறிப் புதுநகரின் தெருக்களுக்குள் வருவது 2015இலும் 2021இலும் கண்ட காட்சி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்க் கழிமுகப் பகுதியில் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து பரவியது. சாதாரணக் குறுந்தகடு வெள்ளத்தில் நனைந்தால் கழுவித் துடைத்துவிடலாம். யூஎம்டி மூடிய கூட்டுக்குள் இருப்பது. ஒளிக்கதிர் நுழைவதற்காகக் கூட்டில் விட்டிருக்கும் திறப்பின் வழியே சேறு புகுந்துவிட்டால், ஒட்டிய கூட்டைப் பிளந்தாலொழிய உள்ளே துடைக்க வழியில்லை. வெள்ளம் வராத ஊரிலும் கூட்டின் இரு பாதிகள் பசைவிட்டுப் பிரிவது அவ்வட்டுகளுக்கு உள்ள பிறவிக்குறை. மறுபடி வாங்கிக்கொள்ளலாமென்றால், பிஎஸ்பிக்கான சோனியின் இணைய விற்பனை 2021 ஜூலையில் முடிவுக்கு வந்துவிட்டது. அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று வாங்கக் கிடைப்பதில்லை என்று, விளையாட்டுச் சரித்திரத்தைப் பாதுகாக்கும் அந்நாட்டு அமைப்பொன்று 2023இல் கணக்கிட்டுச் சொன்னது. இந்நிலையில் வட்டு கெடுமுன் ஐஎஸ்ஓவாக எடுத்து, முத்திரையெண்ணைக் குறித்துக்கொண்டு, சிஎச்டியாகவோ சிஎஸ்ஓவாகவோ ஆக்கி இரண்டு இடங்களில் வைப்பதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்காமல் இருக்க முடியாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில், கணினி நிரலின் பிரதியை முறைப்படி வைத்திருப்பவர், இழப்பிலிருந்தும் சேதத்திலிருந்தும் காத்துக்கொள்ளத் தற்காலிகக் காப்புநகல் எடுப்பதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. சட்டப்படி பெற்ற சொந்தப் பிரதியிலிருந்து வணிகமல்லாத சுயஉபயோகத்துக்கு நகலெடுப்பதையும் அதே பிரிவு அனுமதிக்கிறது. 2012இல் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பக் காவலை உடைப்பதைத் தண்டிக்கிறது. நோக்கம் என்ற சொல் அங்கே முக்கியம். விளையாட்டு என்பது நிரல் மட்டுமா, இசையும் சித்திரமும் சேர்ந்த கலவையா என்ற வாதத்துக்கு இடமிருப்பதால், இவ்விலக்குகள் முழு வட்டையும் மூடிக் காக்கும் என்று நான் துணிந்து சொல்ல மாட்டேன். ஆனால் பிறர் வட்டிலிருந்து வந்த கோப்பை ஏற்றிக் கொடுத்துக் காசு வாங்குவது இந்த விலக்குகளில் எதிலும் அடங்காது என்பதில் சந்தேகமில்லை. காப்புநகலுக்குச் சட்டம் காட்டும் சலுகையும், மெமரி கார்டுக் கடையின் வியாபாரமும் ஒன்றல்ல. கோப்பு சிஎஸ்ஓவாக இருந்தாலும் ஐஎஸ்ஓவாக இருந்தாலும் இதில் மாறுதலில்லை.

மாற்றுவதற்குத் தயங்கும் பிள்ளைகள் கடைசியாகக் கேட்பது ஒன்றுண்டு: பாதி ஆடி வைத்த ஆட்டம் அழிந்துபோகுமா? அழியாது. சேமித்த ஆட்டம் விளையாட்டுக் கோப்புக்குள் இருப்பதில்லை. பிஎஸ்பி என்ற அடைவுக்குள் சேவ்டேட்டா என்ற அடைவில், விளையாட்டின் அடையாள எண்ணைப் பெயராகக் கொண்டு தனியே இருக்கிறது. ஐஎஸ்ஓவை சிஎஸ்ஓவாகவோ சிஎச்டியாகவோ மாற்றும்போது அந்த எண் மாறுவதில்லை. ஆகவே புதிய கோப்பு பழைய சேமிப்பைத் தானே கண்டுகொள்ளும். அமெரிக்கப் பதிப்பை விட்டு ஐரோப்பியப் பதிப்பை ஏற்றினால்தான் யூஎல்யூஎஸ் என்று தொடங்கும் எண் யூஎல்இஎஸ் என்றாகி, ஆட்டம் முதற்கட்டத்திலிருந்து துவங்கும். கைப்பேசியை மாற்றுகிறபோது எல்லாரும் ஜிபி கணக்கில் விளையாட்டுக் கோப்பைத்தான் பத்திரமாக நகலெடுக்கிறார்கள். சில நூறு கிலோபைட் அளவேயுள்ள அந்தச் சேவ்டேட்டா அடைவையும் கூடவே எடுத்துக்கொள்ள வேண்டும்.